வான்கூவர்-பாயிண்ட் கிரே சட்டமன்றத் தொகுதி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கனடாவின் மேற்குக் கரை மாகாணமான பிரிட்டிஷ் கொலம்பியாவின் அரசியலைப் படிக்கத் தொடங்குகிறவர்கள் விரைவிலேயே வான்கூவர்-பாயிண்ட் கிரே என்ற பெயருக்கு வந்து சேர்வார்கள். மாகாண முதல்வர்கள் மூவரும், பின்னாளில் நாட்டின் பிரதமரான ஒருவரும் இந்த ஒரு தொகுதியின் உறுப்பினர்களாக இருந்தவர்கள். பதவியில் இருக்கும் பெரியவர்களைத் தோற்கடிப்பதிலும் இத்தொகுதிக்கு நீண்ட பழக்கம் உண்டு. முதலாவது பெருமையை எல்லோரும் சொல்கிறார்கள். இரண்டாவதைச் சொல்பவர்கள் குறைவு என்பதால், கீழே உள்ள பதில்களில் அதற்கு இடம் சற்றுக் கூடுதலாகவே தரப்பட்டிருக்கிறது.

இந்தத் தொகுதி எங்கே இருக்கிறது?

வான்கூவரின் மேற்குப் பக்கம் கடலுக்குள் நீண்டு செல்லும் நிலமுனையில் இருக்கிறது. முனையின் நுனியில் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகம். அதை அடுத்துக் கிழக்கே பசிபிக் ஸ்பிரிட் வனப் பூங்கா. பூங்காவைக் கடந்தால் மேற்கு பாயிண்ட் கிரே குடியிருப்புகள். அதற்கும் கிழக்கே கடற்கரையும் வாடகை அடுக்குமாடிகளும் நிறைந்த கிட்சிலானோ. விடுதி அறையில் தங்கியிருக்கும் மாணவரும், கடலைப் பார்த்த மாளிகையில் வாழும் செல்வரும், பாதிச் சம்பளத்தை வாடகைக்குக் கொடுக்கும் இளைஞரும் ஒரே தொகுதியின் வாக்காளர்கள். எல்லைக்கோடுகள் பலமுறை திருத்தப்பட்டாலும் இந்தக் கலவை மாறவில்லை.

'பாயிண்ட் கிரே' என்ற பெயர் எப்படி வந்தது?

1792-இல் இக்கரையை அளந்து வரைபடமாக்கிய ஆங்கிலேய மாலுமி ஜார்ஜ் வான்கூவர், தம் நண்பரான கடற்படைத் தலைவர் ஜார்ஜ் கிரேயின் பெயரை இந்த முனைக்குச் சூட்டினார். அதற்கு முந்தைய ஆண்டு வந்த ஸ்பானியர்கள் இதை லங்காரா முனை என்று குறித்திருந்தார்கள். இரு தரப்பும் வருவதற்குப் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பிருந்தே இது மஸ்குவியம் மக்களின் நிலம்.

1908-இல் தெற்கு வான்கூவரிலிருந்து பிரிந்து பாயிண்ட் கிரே தனி நகராட்சியானது. 1929 ஜனவரி 1-ஆம் தேதி வான்கூவர் மாநகரத்துடன் இணைந்தது. தனியாக இருந்த இருபத்தோரு ஆண்டுகளில் அது செய்த ஒரு காரியம் இன்றைய அரசியலிலும் எதிரொலிக்கிறது. எந்த மனையில் என்ன கட்டலாம் என்று வரையறுக்கும் நிலப் பயன்பாட்டு விதியை 1922-இலேயே அது இயற்றியது. கனடாவில் இத்தகைய விதிகளுள் மிகப் பழையவற்றில் இதுவும் ஒன்று. இந்தச் செய்தியைக் கடைசிக் கேள்விவரை நினைவில் வைத்திருங்கள்.

தொகுதியாக எப்போது உருவானது? ஒரே தொகுதிக்கு மூன்று உறுப்பினர்கள் இருந்தார்கள் என்பது உண்மையா?

உண்மைதான். 1933-க்கு முன் வான்கூவர் நகரம் முழுவதும் ஆறு உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் ஒரே பெருந்தொகுதியாக இருந்தது. பாயிண்ட் கிரே பகுதி ரிச்மண்ட்-பாயிண்ட் கிரே என்ற தனித் தொகுதியில் இருந்தது. நகராட்சிகள் இணைந்த பிறகு 1933 தேர்தலுக்காகத் தொகுதிகள் மறுசீரமைக்கப்பட்டபோது வான்கூவர்-பாயிண்ட் கிரே பிறந்தது. அதற்கு மூன்று இடங்கள் ஒதுக்கப்பட்டன. 1966-இல் அது இரண்டாகக் குறைந்தது. 1991 முதல் ஒன்று.

பல உறுப்பினர் தொகுதியில் வாக்காளர் எத்தனை இடங்கள் உண்டோ அத்தனை பேருக்கு வாக்களிக்கலாம். ஒரு கட்சியின் அலை அடித்தால் மூன்று இடங்களும் அதற்கே போய்விடும். 1933-இல் மூன்றையும் லிபரல்கள் அள்ளினார்கள். எட்டே ஆண்டுகளில், 1941-இல், மூன்றும் கன்சர்வேட்டிவ்களிடம் போயின.

அந்தக் காலத்தில் இங்கு வாழ்ந்த எல்லோருக்கும் வாக்குரிமை இருந்ததா?

இல்லை. வெற்றி தோல்விக் கணக்கைப் பார்ப்பதற்கு முன் இதைத் தெரிந்துகொள்வது அவசியம். பெண்களுக்கு 1917-இல் மாகாண வாக்குரிமை கிடைத்துவிட்டது. ஆனால் சீனர், ஜப்பானியர், இந்தியாவிலிருந்து வந்தவர்கள், பூர்வகுடி மக்கள் ஆகியோரைத் தேர்தல் சட்டம் பெயர் சொல்லியே விலக்கியிருந்தது. 1907-இல் வந்த திருத்தம் இந்தியர்களை 'இந்து' என்ற ஒற்றைச் சொல்லால் குறித்தது. ஆங்கிலோ-சாக்சன் பெற்றோருக்குப் பிறக்காத இந்தியர் எவரும் அதில் அடங்குவர். அவர் சீக்கியரா, முஸ்லிமா, தமிழரா என்பதெல்லாம் சட்டத்துக்குப் பொருட்டே அல்ல. அவர் பிரிட்டிஷ் பேரரசின் குடியாக இருப்பதும் அவருக்குக் கைகொடுக்கவில்லை.

வாக்காளர் பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் வழக்கறிஞர், மருந்தாளர் போன்ற தொழில்களிலும் நுழைய முடியாது என்பதால் இழப்பு வாக்குச்சாவடியோடு நிற்கவில்லை. சீனருக்கும் தெற்காசியருக்கும் 1947-இலும், ஜப்பானியருக்கும் பூர்வகுடிகளுக்கும் 1949-இலும் மாகாண வாக்குரிமை வழங்கப்பட்டது. ஆகவே, இத்தொகுதியின் முதல் நான்கு பொதுத் தேர்தல்களின் முடிவுகள் அங்கு வாழ்ந்த எல்லோருடைய முடிவும் அல்ல.

தொடக்க கால உறுப்பினர்களில் யாரை நினைவில் வைக்க வேண்டும்?

ஜார்ஜ் வியரை. பல்கலைக்கழகத்தில் கல்வியியல் பேராசிரியராக இருந்த அவர், 1925-இல் வெளிவந்த மாகாணப் பள்ளிக் கல்வி ஆய்வறிக்கையின் இரு ஆசிரியர்களில் ஒருவர். 1933-இல் வென்ற கையோடு கல்வி அமைச்சரானார். பெருமந்தக் காலத்தில் கூலித் தொழிலாளர்களுக்கு மருத்துவக் காப்பீடு தரும் சட்டத்தை 1936-இல் நிறைவேற்ற முன்னின்றவரும் அவரே. மருத்துவர்களும் தொழிலதிபர்களும் எதிர்த்தார்கள். 1937 பொது வாக்கெடுப்பில் மக்கள் பெரும்பான்மை ஆதரவு அளித்த பிறகும் அரசு பின்வாங்கியது. சட்டம் ஏட்டோடு நின்றது. 1941-இல் வியர் தோற்றார். பாயிண்ட் கிரே தோற்கடித்த அமைச்சர்களின் வரிசை அவரில் தொடங்குகிறது.

அந்த 1941 தேர்தலில் வென்ற மூவரில் ஒருவர் ராயல் மெய்ட்லண்ட். கன்சர்வேட்டிவ் தலைவரான அவர், லிபரல்களோடு அமைந்த கூட்டணி அரசில் அட்டர்னி ஜெனரலாக (சட்டத்துறை அமைச்சராக) இருந்து 1946-இல் காலமானார். இன்னொருவர் டில்லி ரோல்ஸ்டன்.

டில்லி ரோல்ஸ்டன் யார்?

கனடாவில் துறைப் பொறுப்புடன் அமைச்சரான முதல் பெண். இதே மாகாணத்தில் மேரி எலன் ஸ்மித் 1921-இலேயே அமைச்சரவையில் இடம்பெற்றிருந்தாலும், அவருக்குத் துறை எதுவும் தரப்படவில்லை. ரோல்ஸ்டன் கன்சர்வேட்டிவாகத் தேர்வாகிப் பத்தாண்டுகள் பணியாற்றிய பின் கட்சியை விட்டு விலகி, அதேபோல் வெளியேறியிருந்த டபிள்யூ.ஏ.சி. பென்னட்டின் வழியில் வலதுசாரிக் கட்சியான சோஷியல் கிரெடிட்டுக்குச் சென்றார். 1952-இல் பென்னட் முதல்வரானதும் ரோல்ஸ்டன் கல்வி அமைச்சரானார்.

1952, 1953 ஆகிய இரு தேர்தல்களும் விருப்ப வரிசை முறையில் நடந்தவை. வேட்பாளர்களுக்கு 1, 2, 3 என்று எண் இட வேண்டும். பாயிண்ட் கிரே போன்ற மூன்று உறுப்பினர் தொகுதியில் ஒவ்வோர் இடத்துக்கும் தனித்தனி வாக்குச்சீட்டு. ஆகவே ஒரு வாக்காளர் மூன்று சீட்டுகளில் எண்களை இட்டுத் தர வேண்டியிருந்தது. எண்ணி முடிக்கப் பல நாள்கள் பிடித்தன. கூட்டணி உடைந்த நிலையில் லிபரல்களும் கன்சர்வேட்டிவ்களும் இடதுசாரிகளைத் தடுப்பதற்கென்று கொண்டுவந்த இந்த முறை, இரண்டாம் விருப்ப வாக்குகளின் வழியே, யாரும் பெரிதாக எண்ணாத சோஷியல் கிரெடிட்டை அரியணையில் ஏற்றியது. தான் வெட்டிய குழியில் தானே விழுவது என்பதற்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் அம்மாகாண வரலாற்றில் இல்லை.

1953-இல் ரோல்ஸ்டன் தோற்றார். அப்போதே புற்றுநோயால் நலிந்திருந்த அவர் அதே ஆண்டு அக்டோபரில் மறைந்தார்.

1953 முதல் 1966 வரை தொகுதி யார் கையில் இருந்தது?

1953-இல் லிபரல் கட்சித் தலைவர் ஆர்தர் லாயிங் இங்கு வென்றார், 1956-இல் தோற்றார். வான்கூவர் விமான நிலையத்துக்குப் போகிறவர்கள் ஃபிரேசர் ஆற்றின் கிளையைக் கடக்கும் பாலம் அவர் பெயரைத் தாங்கியது. அந்தக் காலத்தின் முக்கிய ஆள் சோஷியல் கிரெடிட்டின் ராபர்ட் பானர். அட்டர்னி ஜெனரலாகப் பென்னட் அரசின் சட்ட மூளை என்று மதிக்கப்பட்டவர். அவரையே 1966-இல் பாயிண்ட் கிரே தோற்கடித்தது. அமைச்சரைக் கைவிட விரும்பாத கட்சி, உள்நாட்டுத் தொகுதியான கரிபூவில் ஓர் இடத்தைக் காலிசெய்து இடைத்தேர்தல் மூலம் அவரை மீண்டும் அவைக்குக் கொண்டுவந்தது. இந்த வழியை மறக்க வேண்டாம். 47 ஆண்டுகளுக்குப் பின் ஒரு முதல்வரும் இதே வழியில் போனார்.

பாட் மெக்கீர், கார்ட் கார்டம் இருவரையும் ஏன் சேர்த்தே சொல்கிறார்கள்?

ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இரு இடங்களையும் இருவரும் விடாமல் வைத்திருந்ததால். இரட்டை உறுப்பினர் தொகுதியாக மாறிய 1966-இல் இருவரும் லிபரல்களாக வென்றார்கள். மெக்கீர் அதற்கு முன்பே, சோஷியல் கிரெடிட் உறுப்பினர் பூடா பிரவுன் மறைந்ததால் 1962-இல் நடந்த இடைத்தேர்தலில் அவைக்கு வந்துவிட்டார்.

மெக்கீரைப் போன்ற ஓர் அரசியல்வாதியைக் காண்பது அரிது. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் கனடாவுக்காகக் கூடைப்பந்து ஆடியவர். மூளை நரம்பியல் ஆராய்ச்சியாளர். அமைச்சராக இருந்த காலத்துக்குப் பிறகும் அல்சைமர் நோய் ஆய்வில் பல்லாண்டுகள் உழைத்தவர். 1968 முதல் 1972 வரை லிபரல் தலைவர். 1975 தேர்தலுக்கு முன் அவரும் கார்டமும் கட்சி மாறி சோஷியல் கிரெடிட்டில் சேர்ந்தார்கள். வாக்காளர்கள் புதிய சின்னத்திலும் அவர்களையே அனுப்பினார்கள்.

மெக்கீர் கல்வி அமைச்சரானார். திறந்தநிலைக் கல்விக்கும் மாகாணக் கல்வித் தொலைக்காட்சிக்கும் அவர் காலத்தில்தான் வித்திடப்பட்டது. ஆனால் சாதாரண மக்கள் நினைவில் நின்றது வேறொன்று. அரசு வாகனக் காப்பீட்டு நிறுவனத்துக்கும் அவரே பொறுப்பு. 1976-இல் கட்டணம் கடுமையாக உயர்ந்தபோது, கட்ட முடியாதவர்கள் காரை விற்றுவிடலாம் என்ற பொருளில் அவர் பேசிவிட்டார். சில நாள்களில் கார்களின் பின்புறமெங்கும் காதைக் குறிக்கும் 'இயர்' என்ற ஆங்கிலச் சொல்லை அவர் பெயரோடு எதுகையாக்கிய ஒட்டுவில்லைகள்: அந்தக் கட்டணத்தை உம் காதிலேயே செருகிக்கொள்ளும், மெக்கீர்! அப்படியிருந்தும் பாயிண்ட் கிரே அவரைத் தோற்கடிக்கவில்லை. 1986-இல் இருவரும் தாமாகவே ஒதுங்கினார்கள். கார்டம் பின்னர் 1995 முதல் 2001 வரை மாகாணத்தின் துணைநிலை ஆளுநராக இருந்தார்.

கிம் கேம்பல் இத்தொகுதியின் உறுப்பினரா?

ஆம், இரண்டு ஆண்டுகள். 1986-இல் காலியான இரு இடங்களை வாக்காளர்கள் ஆளுக்கொன்றாகப் பிரித்துக் கொடுத்தார்கள். ஒன்று சோஷியல் கிரெடிட்டின் கிம் கேம்பலுக்கு, மற்றொன்று இடதுசாரியான புதிய ஜனநாயகக் கட்சியின் டார்லீன் மர்சாரிக்கு. ஒரே தொகுதியிலிருந்து ஆளுங்கட்சிக்கு ஒருவர், எதிர்க்கட்சிக்கு ஒருவர்!

முதல்வர் பில் வாண்டர் சாமின் கருக்கலைப்புக் கொள்கையை ஏற்க முடியாமல் அவரோடு முரண்பட்ட கேம்பல், 1988-இல் பதவி விலகி, வான்கூவர் மையம் தொகுதியில் நின்று கூட்டாட்சி நாடாளுமன்றத்துக்குச் சென்றார். நீதி அமைச்சரான பிறகு 1993 ஜூனில் கனடாவின் முதல் பெண் பிரதமரானார். அக்டோபர் தேர்தலில் அவருடைய கட்சி இரண்டே இடங்களுக்குச் சுருங்கியது. அவர் விட்டுச்சென்ற பாயிண்ட் கிரே இடத்தை 1989 இடைத்தேர்தலில் புதிய ஜனநாயகக் கட்சியின் டாம் பெரி கைப்பற்றினார்.

இரட்டை உறுப்பினர் முறை ஏன் ஒழிந்தது?

ஒரு நீதிமன்றத் தீர்ப்பும் ஒரு மறுசீரமைப்பு ஆணையமும் காரணம். 1986-இல் மாகாணத்தின் 52 தொகுதிகளில் 17 இரட்டை உறுப்பினர் தொகுதிகள். அவையில் மொத்தம் 69 இடங்கள். தொகுதிகளுக்கிடையே மக்கள்தொகை ஏற்றத்தாழ்வு மிகப் பெரிது. குடிமக்கள் உரிமைகள் சங்கத்தின் தலைவராக இருந்த ஜான் டிக்சன் தொடுத்த வழக்கில், பின்னாளில் கனடாவின் தலைமை நீதிபதியான பெவர்லி மெக்லாக்லின், இத்தகைய ஏற்றத்தாழ்வு அரசியலமைப்பு தரும் வாக்குரிமைக்கு முரணானது என்று 1989-இல் தீர்ப்பளித்தார். சராசரியிலிருந்து 25 சதவீதத்துக்கு மேல் விலகாத ஒற்றை உறுப்பினர் தொகுதிகள் வரையப்பட்டு, 1991 தேர்தல் 75 இடங்களுக்கு நடந்தது. பாயிண்ட் கிரே மர்சாரியிடமே இருந்தது. அந்தக் குடிமக்கள் உரிமைகள் சங்கத்தின் நிர்வாக இயக்குநராகப் பிற்காலத்தில் இருந்தவர்தான் தொகுதியின் இன்றைய உறுப்பினர் டேவிட் ஈபி.

கோர்டன் கேம்பலும் கிம் கேம்பலும் உறவினர்களா? கோர்டனின் 'லிபரல்' கட்சி கூட்டாட்சி லிபரல்தானா?

இரண்டுக்கும் பதில் 'இல்லை'. 1991-இல் சோஷியல் கிரெடிட் சரிந்தபின், வலதுசாரி, நடுநிலை வாக்குகள் மாகாண லிபரல் கட்சியின் கீழ் திரண்டன. பெயரைத் தவிர ஒட்டாவாவில் ஆளும் லிபரல்களோடு அதற்கு அமைப்பு உறவு கிடையாது. 2023-இல் அது பெயரையே மாற்றிக்கொண்டது. 2024 தேர்தலுக்குச் சில வாரங்கள் இருக்கையில் போட்டியிலிருந்தே விலகியது.

1986 முதல் 1993 வரை வான்கூவர் மேயராக இருந்த கோர்டன் கேம்பல், 1996-இல் பாயிண்ட் கிரேயில் வென்றார். அத்தேர்தலில் அவர் கட்சி அதிக வாக்குகள் பெற்றும் குறைந்த இடங்களே பெற்றது. 2001-இல் கதை தலைகீழானது: 79 இடங்களில் 77. முதல்வராக அவர் கொண்டுவந்தவற்றில் 2008-இன் கார்பன் வரி உலகெங்கும் பேசப்பட்டது. 2009 தேர்தல் முடிந்த சூட்டோடு அறிவித்த ஒருங்கிணைந்த விற்பனை வரி அவரைக் கவிழ்த்தது. எதிர்ப்பு தாங்காமல் 2010 நவம்பரில் விலகலை அறிவித்தார். நான்கு முறை நின்று நான்கு முறையும் வென்ற அவரை, மெக்கீரோடும் கார்டமோடும் சேர்த்து, இத்தொகுதியின் விதிவிலக்குகள் என்றே நான் கருதுகிறேன்.

ஆட்சியைப் பிடித்த முதல்வர் சொந்தத் தொகுதியில் தோற்றது எப்படி?

கோர்டன் கேம்பலுக்குப் பின் முதல்வரான கிறிஸ்டி கிளார்க்குக்கு அப்போது சட்டமன்ற இடம் இல்லை. கேம்பல் விட்டுச்சென்ற பாயிண்ட் கிரேயில் 2011 மே 11-இல் இடைத்தேர்தல் நடந்தது. புதிய ஜனநாயகக் கட்சியின் வழக்கறிஞர் டேவிட் ஈபியைச் சில நூறு வாக்குகளில் மட்டுமே கிளார்க் வென்றார். அந்த எச்சரிக்கையை அவர் தரப்பு போதுமான அளவு பொருட்படுத்தவில்லை என்றுதான் தோன்றுகிறது.

2013 மே 14 பொதுத் தேர்தலில் புதிய ஜனநாயகக் கட்சி எளிதாக வெல்லும் என்று கருத்துக்கணிப்புகள் கூறின. மாகாணம் அவற்றைப் பொய்யாக்கி லிபரல்களுக்கு மீண்டும் பெரும்பான்மை தந்தது. பாயிண்ட் கிரே மட்டும் எதிர்த்திசையில் போனது. இறுதி எண்ணிக்கையில் ஆயிரத்துக்குச் சற்று மேற்பட்ட வாக்குகளில் ஈபியிடம் முதல்வர் தோற்றார். நாடாளுமன்ற மரபுப்படி அவர் பதவியில் தொடரலாம். உள்நாட்டில் மேற்குக் கெலோனா உறுப்பினர் இடத்தைக் காலிசெய்ய, ஜூலை இடைத்தேர்தலில் வென்று அவைக்குத் திரும்பினார். பானர் போன அதே பாதை.

டேவிட் ஈபி முதல்வரானபோது தலைமைப் போட்டி நடந்ததா?

வாக்கெடுப்பு நடக்கவில்லை. 2017-இல் அட்டர்னி ஜெனரலான ஈபி, பின்னர் வீட்டுவசதிப் பொறுப்பையும் ஏற்றார். 2022-இல் முதல்வர் ஜான் ஹோர்கன் விலகியதும் ஈபியை எதிர்த்து நின்றவர் ஒருவரே. மதுரையில் பிறந்து சிறுவயதில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த காலநிலைச் செயற்பாட்டாளர் அஞ்சலி அப்பாதுரை. உறுப்பினர் சேர்ப்பில் வெளி அமைப்பொன்றோடு விதிமீறிக் கூட்டுச் சேர்ந்ததாகக் கூறிக் கட்சி அவரைத் தகுதிநீக்கம் செய்தது. அவர் தரப்பு அதை ஏற்கவில்லை. ஈபி போட்டியின்றித் தேர்வாகி நவம்பர் 18-இல் பதவியேற்றார். 2024 அக்டோபர் தேர்தலில் 93 இடங்களில் 47 பெற்று, ஒற்றை இடப் பெரும்பான்மையில் அவர் கட்சி ஆட்சியைத் தக்கவைத்தது.

பல்கலைக்கழகப் பகுதியினர் வான்கூவர் மேயருக்கு வாக்களிப்பதில்லையாமே?

வாக்களிப்பதில்லை. வளாகமும் அதை ஒட்டிய குடியிருப்பும் மாநகர எல்லைக்கு வெளியே உள்ளவை. பெருவட்டார மன்றத்துக்கு ஒரு பிரதிநிதியை அவர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். மேயரோ நகர்மன்றமோ கிடையாது. மற்ற ஊர்களில் நகராட்சியின் வாசலில் நிற்க வேண்டிய சாலை, பேருந்து, வாடகைப் பிரச்சினைகள் இங்கே சட்டமன்ற உறுப்பினர் அலுவலகத்துக்கே வந்து சேர்கின்றன. நகரமே இல்லாத நகரவாசிகளுக்கு அவர்தான் பாதி மேயர்.

வீட்டுப் பிரச்சினைக்கும் இத்தொகுதிக்கும் என்ன தொடர்பு?

தொடக்கத்தில் சொன்ன 1922 விதிக்கு இப்போது திரும்பலாம். அது வளர்த்த பழக்கத்தால் பாயிண்ட் கிரேயின் பெரும்பகுதி ஒரு மனைக்கு ஒரு வீடு என்றே நிலைத்தது. நிலத்தின் விலை ஏற, பேராசிரியர்களும் ஆசிரியர்களும் வாங்கி வாழ்ந்த தெருக்களில் அவர்களுடைய பிள்ளைகளால் வாடகைக்குக்கூட இருக்க முடியாத நிலை வந்தது. 2023 நவம்பரில் ஈபியின் அரசு நிறைவேற்றிய சட்டம், ஐயாயிரத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள ஊர்களில் தனிவீட்டு மனைகளில் மூன்று, நான்கு குடியிருப்புகளையும், அடிக்கடி பேருந்து வரும் நிறுத்தங்களுக்கு அருகே ஆறு வரையிலும் அனுமதிக்க வேண்டும் என்று நகராட்சிகளைக் கட்டாயப்படுத்தியது. தனிவீட்டு விதியை முன்னோடியாகக் கொண்டுவந்த மண்ணின் உறுப்பினரே நூறு ஆண்டுகள் கழித்து அதைத் தளர்த்தியிருக்கிறார். தொகுதிக்குள் இதற்கு ஆதரவும் உண்டு, கோபமும் உண்டு.

இதைவிடப் பெரிய மாற்றம் மேற்கு பாயிண்ட் கிரேயில் ஜெரிகோ நிலத்தில் வரவிருக்கிறது. முன்பு படைத்தளமாக இருந்த பகுதியும் சேர்ந்த சுமார் 90 ஏக்கரை மஸ்குவியம், ஸ்குவாமிஷ், ஸ்லெய்ல்-வாட்டூத் ஆகிய மூன்று பூர்வகுடி இனங்கள் 2014-லும் 2016-லும் கூட்டாகப் பெற்றன. ஒரு பகுதியை மாகாண அரசிடமிருந்து விலைக்கு வாங்கினார்கள். மற்றதைக் கூட்டாட்சி நிறுவனத்தோடு பங்காளிகளாக வைத்திருக்கிறார்கள். அங்கே உயரமான அடுக்குமாடிகளுடன் புதிய குடியிருப்பு எழுப்புவதற்கான கொள்கைத் திட்டத்துக்கு மாநகரம் 2024 ஜனவரியில் ஒப்புதல் அளித்தது. 1949 வரை இத்தொகுதியில் வாக்குச்சீட்டே தரப்படாத மக்கள், இப்போது அதன் மிகப் பெரிய மனைகளில் ஒன்றின் உரிமையாளர்கள்.